குடிய விட்டவங்க திரும்ப விழாம இருக்க, சாயங்காலத்த காலைலயே பாத்துக்கணும்

டீஅடிக்‌ஷன் சென்டர்ல இருந்து வெளிய வந்து பத்து நாளோ நாப்பது நாளோ ஆகியிருக்கும், இன்னும் தொடல, ஆனா உள்ளுக்குள்ள ஒரு பயம் ஓடிக்கிட்டே இருக்கும். அந்த நெலமைல இருக்கறவங்களுக்கும் அவங்க வீட்ல இருக்கறவங்களுக்கும்தான் இத எழுதறேன். நான் குடிய விட்டு எட்டு வருஷம் முடிஞ்சுது. திருச்சி பக்கம் லேத் பட்டறைல வேல, சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ விட்டு ரெண்டு தடவயும் திரும்ப விழுந்தேன், மொத தடவ நாலு மாசத்துல, அடுத்த தடவ பதினோரு மாசத்துல. மூணாவது தடவ எத மாத்தி செஞ்சேனோ அதத்தான் முக்காவாசி சொல்லப்போறேன், டாக்டருங்க சொல்லிக்குடுத்தது நடுநடுவுல வரும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. இன்னும் தெனமும் குடிச்சுக்கிட்டு இருக்கறவங்க இத படிச்சுட்டு வீட்லயே டக்குனு நிறுத்திடாதீங்க. ரொம்ப நாள் குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்தினா கை நடுங்கும், வேர்த்துக்கொட்டும், சிலருக்கு வலிப்பு வரும், ரெண்டு மூணு நாள்ல ஆள் அடையாளம் தெரியாம பிதற்றுவாங்க, இல்லாத பூச்சி பாம்பெல்லாம் கண்ணுக்கு தெரியும், உயிரே போற அளவுக்கு ஆகலாம். பெரிய கவர்மென்ட் ஆஸ்பத்திரி சைக்கியாட்ரி ஓபில போய் சொன்னா அவங்க பாத்துப்பாங்க, அங்க வச்சு நிறுத்துங்க. நான் சொல்றதெல்லாம் அதுக்கு அப்புறம் வர்ற காலத்துக்கு.

நம்ம ஊர்ல குடிக்கறவங்கள்ல ஒரு தடவ கூட நிறுத்தாதவங்க ரொம்ப கம்மி. ஐயப்பனுக்கு மாலை போட்டா ஒரு மண்டலம் தொட மாட்டாங்க, கோயில்ல கயிறு கட்டினா சொன்ன தேதி வரைக்கும் தொட மாட்டாங்க. நானும் அஞ்சு வருஷம் மாலை போட்டிருக்கேன், மலைக்கு போய்ட்டு வந்து மாலைய கழட்டின அன்னைக்கு ராத்திரியே திரும்ப ஆரம்பிச்சிருக்கேன். 2020 லாக்டவுன்ல மார்ச் கடைசில டாஸ்மாக் கடைய மூடினாங்க, நாப்பது நாளுக்கு மேல ஊர்ல எத்தனையோ பேர் குடிக்காம இருந்தாங்க, மே 7ம் தேதி கடை தொறந்தப்ப வெயில்ல எவ்ளோ நீள வரிசை நின்னுச்சுன்னு எல்லாரும் பாத்தோம்.

இத ரொம்ப நாள் யோசிச்சுப் பாத்திருக்கேன். மாலை போட்ட காலத்துல விடியக்காலம் எந்திரிச்சு குளியல், நேரத்துக்கு சாப்பாடு, சாயங்காலம் குளிச்சுட்டு பூஜை, ராத்திரி பஜனை, பழைய கூட்டாளி யாரும் கூப்பிட மாட்டான், கூப்பிட்டாலும் சாமின்னு சொல்லி ஒதுங்கிடுவான், ஊரே சேந்து நமக்கு ஒரு வேலி போட்டு குடுத்திருக்கு. பக்திக்கு ஒரு பலம் இருக்கு, அத நான் கொறச்சு பேசல, ஆனா அந்த நாள் முழுக்க ஒரு ஏற்பாடு இருந்துச்சு பாருங்க, சாயங்காலம் 6 மணிக்கு எங்க இருக்கணும் என்ன செய்யணும்னு முன்னாடியே முடிவாகியிருந்துச்சு, அதுதான் நம்மள தாங்கிப் பிடிச்சுது. மாலைய கழட்டினதும் அந்த ஏற்பாடு மொத்தமும் ஒரே நாள்ல போயிடுது. சென்டர்லயும் இதே கததான், உள்ள இருக்கற வரைக்கும் நேரத்துக்கு மாத்திரை, நேரத்துக்கு தூக்கம், வெளிய வந்தா அதே தெரு, அதே கடை, அதே சனிக்கிழமை.

அதனால வெளிய வந்ததும் மொத வேலையா நமக்குன்னு ஒரு ஏற்பாட்ட நாமளே போடணும், அதையும் காலைல போடணும். காலைல 6 மணிக்கு எந்திரிக்கற ஆளுக்கு எல்லாம் தெளிவா தெரியும், புள்ளைங்க மொகம் தெரியும், கடன் தெரியும், சென்டர்ல பட்டது ஞாபகம் இருக்கும். அதே ஆள் சாயங்காலம் 6 மணிக்கு வேற ஆள். அவன்கிட்ட முடிவெடுக்கற பொறுப்ப குடுக்கக்கூடாது. மொத ரெண்டு தடவயும் நான் வெறும் வைராக்கியத்த நம்பினேன், மூணாவது தடவ சாயங்காலத்துக்கு வேண்டிய முடிவு எல்லாத்தையும் காலைலயே எடுத்து கட்டிப் போட்டுட்டேன்.

எப்டின்னா, மொதல்ல காசு. கடை மதியம் 12க்கு தொறந்து ராத்திரி 10க்கு மூடுவாங்க, அந்த பத்து மணி நேரத்துல என் கைல ஒரு குவாட்டர் வாங்கற காசு இருக்கக்கூடாதுங்கறதுதான் கணக்கு. ஓனர்கிட்ட போய் அண்ணே என் சம்பளத்த என் கைல குடுக்காதீங்க, வீட்டுக்காரி அக்கவுண்ட்ல போட்டுடுங்கன்னு சொன்னேன். சொல்லும்போது அவ்ளோ கூச்சமா இருந்துச்சு, ஆனா அவர் ஒரு வார்த்த கேக்காம சரிப்பான்னு சொல்லிட்டார். போன்ல இருந்த ஜிபே எல்லாத்தையும் எடுத்தேன். டீ, பஸ் செலவுக்கு மட்டும் சில்லறை. ஆறு மாசம் அப்டி இருந்தேன், இப்போ பர்ஸ்ல காசு இருக்கு, ஒண்ணும் ஆகல, ஆனா அந்த ஆறு மாசம் அது இல்லாம முடிஞ்சிருக்காது.

அடுத்தது வழி. பட்டறைல இருந்து வீட்டுக்கு நேர் ரோட்டுல போனா ரெண்டு கடை வரும். ஒண்ணுக்கு பக்கத்துல மீன் வறுக்கற வண்டி நிக்கும், அந்த மசாலா வாசனை மூக்குல ஏறினாலே எனக்கு நாக்கு ஊறும், சரக்கு கூட வேணாம் அந்த வாசனையே போதும். மூளை அதையும் இதையும் வருஷக்கணக்கா சேத்து முடிச்சு போட்டு வச்சிருக்கு, அந்த முடிச்சு அவ்ளோ சீக்கிரம் அவுறாது. அதனால சுத்தி போனேன், ஒன்னரை கிலோமீட்டர் கூட ஆச்சு, ஒரு வருஷம் சுத்திதான் போனேன். உங்களுக்கு அது பார் வாசல்ல இருக்கற பொட்டிக்கடையா இருக்கலாம், ஒரு குறிப்பிட்ட பாட்டா இருக்கலாம், மழை பேயறதா இருக்கலாம், கிரிக்கெட் மேட்ச்சா இருக்கலாம். ஒரு நோட்டுல எழுதுங்க. எந்த எடம், எந்த ஆளு, எந்த நேரம், எந்த மனநெலமை, எல்லாத்தையும் ஒளிக்காம எழுதணும். நான் எழுதினப்ப பதினேழு வந்துச்சு, அதுல ஒண்ணு என் சொந்த மச்சான் பேரு.

சாயங்காலம் 5 மணிக்கு கட்டாயம் ஏதாவது சாப்பிடுங்க. இது சின்ன விஷயமா தெரியும், ஆனா நான் பாத்த வரைக்கும் பாதி பேர் காலி வயித்தோடதான் விழறாங்க. பசில வர்ற பரபரப்பையும் சரக்கு கேக்கற பரபரப்பையும் நமக்கு பிரிச்சு பாக்க தெரியாது. ரெண்டு வாழப்பழம், சுண்டல், போண்டா, எதுவா இருந்தாலும் சரி. இனிப்பு ரொம்ப கேக்கும், சுகர் இல்லாதவங்க மொத மாசங்கள்ல அதுக்காக ரொம்ப கவலப்பட வேணாம், சுகர் இருக்கறவங்க டாக்டர கேட்டுக்கோங்க. பசி, கோவம், தனிமை, அசதி, இந்த நாலுல எது இருந்தாலும் எச்சரிக்கையா இருன்னு ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட்டவங்க ஒண்ணா கூடி ஒருத்தருக்கொருத்தர் கை குடுக்கற அமைப்பு) மீட்டிங்ல சொல்வாங்க. நாலுல பசிய தீக்கறது ரொம்ப சுலபம், அதனால அத மொதல்ல தீத்துடுங்க, அப்புறம் பாத்தா கோவமும் பாதி கொறஞ்சிருக்கும்.

6ல இருந்து 9 வரைக்கும் எங்க இருக்கப்போறோம்னு காலைலயே முடிவு பண்ணி வீட்ல ஒருத்தர்கிட்ட வாய்விட்டு சொல்லணும். புள்ளைய ட்யூஷன்ல இருந்து கூட்டிட்டு வர்றது, கோயில், மீட்டிங், அம்மாவுக்கு மாத்திரை வாங்கறது, எதுனாலும் சரி, சும்மா இருக்கறது மட்டும் வேணாம். மொத மூணு மாசம் இத விடாம செய்யுங்க.

இவ்ளோ செஞ்சாலும் ஒரு நாள் வரும், கை பரபரன்னு இருக்கும், நெஞ்சுல ஒரு மாதிரி அடைக்கும், வேற நெனப்பே ஓடாது. அப்போ தெரிஞ்சுக்க வேண்டியது, அது ஏறும், உச்சிக்கு போகும், எறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள எறங்கிடும். குடிச்சாத்தான் அடங்கும்னு நம்ம நெனைக்கறோம், ஏன்னா இத்தன வருஷமும் அது எறங்கற வரைக்கும் நாம காத்திருந்ததே இல்ல. ஆலன் மார்லட்னு ஒரு அமெரிக்க மனநல ஆராய்ச்சியாளர், திரும்ப விழாம தடுக்கறது எப்டின்னே பல வருஷம் வேல செஞ்சவர், அந்த ஆசைய கடல் அலை மாதிரி பாக்க சொன்னாரு. எதுத்து நின்னா அடிச்சு தள்ளும், அது மேல மெதந்தா கரைக்கு கொண்டுவந்து விட்டுடும். செய்யறது இதுதான், உக்காந்து ஒடம்புல எங்க தெரியுதுன்னு கவனிங்க, தொண்டையிலயா வயித்துலயா கைலயா, மூச்ச மெதுவா விடுங்க, மணி பாருங்க, இருபது நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க. உக்கார முடியலன்னா பச்சத்தண்ணில தலைக்கு குளிங்க. இல்லன்னா நடங்க, ஆனா கடை இல்லாத பக்கம் நடங்க. முடிவு எதுவும் எடுக்க வேணாம், நாளைக்கு காலைல யோசிச்சுக்கலாம்னு தள்ளிப் போடுங்க, காலைல எந்திரிக்கறவன் நல்லவன், அவன் பாத்துப்பான்.

கூடவே ஒரு போன். இதுக்கு ஒரு கத இருக்கு, ஏஏ ஆரம்பிச்சதே இப்டித்தான். 1935 மே மாசம், அமெரிக்காவுல ஓஹையோ மாகாணத்துல ஆக்ரன்னு ஒரு ஊரு. நியூயார்க்ல இருந்து தொழில் விஷயமா அங்க போன பில் வில்சன், குடிய விட்டு அஞ்சாறு மாசம்தான் ஆகியிருக்கு, போன காரியம் தோத்துப் போச்சு, கைல காசு இல்ல, ஓட்டல்ல தனியா நிக்கறாரு, பக்கத்துலயே பார், உள்ள இருந்து சிரிப்பு சத்தம் கேக்குது. அவர் பாருக்குள்ள போகாம போன் பக்கம் போனாரு. சர்ச் லிஸ்ட்ட பாத்து போன் போட்டு, இங்க வேற ஒரு குடிநோயாளி இருந்தா சொல்லுங்க, நான் அவர்கிட்ட பேசணும்னு கேட்டாரு. அப்டி சுத்தி சுத்தி போய் சேந்த ஆள்தான் டாக்டர் பாப் ஸ்மித். அந்த டாக்டர் கடைசியா குடிச்ச நாள் 1935 ஜூன் 10, அதத்தான் ஏஏ பொறந்த நாளா வச்சிருக்காங்க. அஞ்சு மாசம் குடிக்காம இருந்த ஒரு ஆளு தன்ன காப்பாத்திக்க தேடினது இன்னொரு குடிநோயாளிய, அறிவுர சொல்றவங்கள தேடல. எனக்கு இந்த கத ரொம்ப முக்கியம், ஏன்னா நான் பதினோராவது மாசம் விழுந்தப்ப என் போன்ல மூணு பேர் நம்பர் இருந்துச்சு, ஒருத்தருக்கும் அடிக்கல.

அந்த பதினோரு மாசத்து கதய சொல்லிடறேன். அக்கா மகனுக்கு காதுகுத்து, மண்டபத்துக்கு பின்னாடி மச்சானுங்க எல்லாம் உக்காந்திருந்தாங்க, ஒரு கட்டிங்தானடா ஒண்ணும் ஆகாதுன்னு ஒருத்தன் டம்ளர நீட்டினான், வாங்கிட்டேன். ரொம்ப நாள் அந்த டம்ளரத்தான் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன். அப்புறம் சென்டர்ல கவுன்சலர் அம்மா ஒருத்தங்க ஒரு பேப்பர குடுத்து அந்த நாள்ல இருந்து பின்னாடி எண்ணி எழுதுங்கன்னாங்க. எழுதினேன். காதுகுத்துக்கு மூணு வாரம் முன்னாடி மீட்டிங் போறத விட்டிருக்கேன், வேல ஜாஸ்தின்னு. ரெண்டு வாரம் முன்னாடி மாத்திரைய நிறுத்தியிருக்கேன், இனி எதுக்குன்னு. ராத்திரி ஷிப்ட் எடுத்து தூக்கம் போச்சு. வீட்ல சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தியிருக்கேன். ஒரு நாள் பழைய கூட்டாளிய பாத்து அவன் குடிக்கறப்ப பக்கத்துல உக்காந்து சோடா மட்டும் குடிச்சுட்டு வந்திருக்கேன், அத ஒரு சாதனையா நெனச்சேன். காதுகுத்துக்கு கெளம்பறப்ப வீட்டுக்காரிய புள்ளைங்களோட முன்னாடியே பஸ்ல அனுப்பிட்டு நான் தனியா வண்டில போயிருக்கேன். டம்ளர் கைக்கு வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடியே நான் பாதி தூரம் போயிட்டேன்.

அதனால உங்களுக்கும் ஒரு அடையாளம் வச்சுக்கோங்க. மீட்டிங் தள்ளிப் போடறது, பொய் சொல்ல ஆரம்பிக்கறது (குடி சம்பந்தமே இல்லாத சின்ன பொய்கூட), பழைய குடிகாலத்த நெனச்சு சந்தோஷமா பேசறது, நான் இப்போ நல்லாயிட்டேன்னு அடிக்கடி சொல்றது, தனியா இருக்க வாய்ப்பு தேடறது. இதுல ரெண்டு ஒரே வாரத்துல வந்துச்சுன்னா அன்னைக்கே டாக்டருக்கோ ஏஏல கூட இருக்கறவங்களுக்கோ போன் போடுங்க. வீட்ல இருக்கறவங்களுக்கு இந்த லிஸ்ட்ட முன்னாடியே குடுத்து வைங்க, நம்ம கண்ணுக்கு தெரியாதது அவங்களுக்கு தெரியும்.

விசேஷ வீடு. மொத ஆறு மாசம் போகாம இருக்க முடிஞ்சா போகாதீங்க, மொய்ய யார்கிட்டயாவது குடுத்து விடுங்க, உறவு ஒண்ணும் அத்துப் போகாது. போயே ஆகணும்னா சாப்பாட்டு நேரத்துக்கு போய் சாப்பிட்டு கெளம்பிடணும், ராத்திரி தங்கக்கூடாது, வீட்டுக்காரியோ புள்ளையோ கூடவே இருக்கணும், கைல எப்பவும் ஒரு தண்ணி பாட்டிலோ டீ கிளாஸோ வச்சுக்கணும், வெறுங்கையோட நின்னா ஒருத்தன் வந்து எதையாவது திணிப்பான். சொல்ல வேண்டிய பதில வீட்லயே பத்து தடவ வாய்விட்டு சொல்லிப் பழகுங்க. "மாத்திரை சாப்பிடறேன் மாமா, குடிச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கணும்", அவ்ளோதான், அதுக்கு மேல விளக்கம் வேணாம், விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா அவங்க வாதம் பண்ண ஆரம்பிப்பாங்க. சாவு வீடு இன்னும் கஷ்டம், நம்ம பக்கம் பாதி ஊர் அன்னைக்கு குடிச்சிருக்கும், நமக்கும் துக்கம் இருக்கும். எங்கப்பா செத்தப்ப ஏஏல இருந்து ரெண்டு பேர் வந்து சுடுகாட்டுல இருந்து வீடு வரைக்கும் என் ரெண்டு பக்கமும் நடந்து வந்தாங்க, ராத்திரி எங்க வீட்டு திண்ணைலயே படுத்துக்கிட்டாங்க. அப்டி கேக்கலாம், கேட்டா வருவாங்க.

இப்போ மாத்திரை விஷயம், இதுல தப்பு நெறைய நடக்குது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். குடிய விட்டவங்களுக்கு டாக்டருங்க குடுக்கற மருந்து ஒரே மாதிரி இல்ல. நால்ட்ரெக்ஸோன், அக்காம்ப்ரோசேட் இதெல்லாம் ஆசைய கொறைக்கவோ, குடிச்சா வர்ற அந்த சுகத்த கொறைக்கவோ உதவும். நால்ட்ரெக்ஸோனுக்கு ஈரல் டெஸ்ட் பாப்பாங்க, அக்காம்ப்ரோசேட்டுக்கு கிட்னி பாப்பாங்க, அதனால பக்கத்து வீட்டுக்காரருக்கு குடுத்தத நீங்க வாங்கி போடக்கூடாது. டைசல்ஃபிரம் வேற மாதிரி. அத சாப்பிட்டுட்டு சரக்கு உள்ள போனா ஒடம்புல அசிடால்டிஹைடுங்கற விஷம் சேரும், மொகம் செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி, தலவலி, பிரஷர் எறங்கும், இதயம் பலவீனமா இருக்கறவங்களுக்கு உயிருக்கே ஆபத்து. மாத்திரைய நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் கூட இந்த வேலைய காட்டும். இந்த மாத்திரைய தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் டெஸ்ட் பண்ணி குடுத்துத்தான் சாப்பிடணும். எனக்கு இது நல்லா உதவுச்சு, தெனமும் காலைல வீட்டுக்காரி முன்னாடி போட்டுப்பேன், காலைல ஒரு தடவ போட்டுட்டா அன்னைக்கு முழுக்க குடிக்கலாமா வேணாமான்னு யோசனையே கெடையாது, கேள்வி அங்கயே முடிஞ்சுது.

ஆனா பல வீட்ல என்ன பண்றாங்க, யாரோ சொன்னாங்கன்னு மாத்திரையோ பேர் தெரியாத பவுடரோ வாங்கி கொழம்புல, காபில கலந்து குடுக்கறாங்க. அம்மா, அக்கா, உங்க வலி எனக்கு புரியுது, எங்கம்மாவும் இதே யோசிச்சவங்கதான், ஆனா தயவு செஞ்சு செய்யாதீங்க. அவருக்கு தெரியாது, வழக்கம் போல குடிப்பாரு, வழில எங்கயாவது நெஞ்ச புடிச்சுக்கிட்டு விழுந்தா என்ன ஆச்சுன்னு ஆஸ்பத்திரில சொல்லக்கூட ஆள் இருக்காது.

டைசல்ஃபிரம் சாப்பிடறவங்க இன்னொண்ணு கவனிக்கணும், ஆல்கஹால் சரக்குல மட்டும் இல்ல. அஸ்வகந்தாரிஷ்டம், தசமூலாரிஷ்டம் மாதிரி அரிஷ்டம் எல்லாம் புளிக்க வச்சு செய்யறது, அதுல ஆல்கஹால் இருக்கு. சில இருமல் டானிக்ல இருக்கு, ஹோமியோபதி திரவ மருந்துல இருக்கு. மாத்திரை சாப்பிடாதவங்களுக்கும் இது ஒத்து வராது, அந்த ருசியே பழச கெளப்பிவிடும். எந்த டாக்டர்கிட்ட போனாலும் நான் குடிய விட்டவன்னு மொதல்லயே சொல்லிடுங்க. அப்புறம் சென்டர்ல நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் குடுத்த மாத்திரை, டயசிபாம், லோராசிபாம் வகை, அத டாக்டர் கொறச்சு நிறுத்தச் சொன்ன தேதிக்கு மேல நீங்களா வாங்கி சாப்பிட்டா அதுவே அடுத்த அடிமைத்தனம் ஆயிடும்.

வலி மாத்திரைய கரைச்சு ஊசி போட்டு பழகின தம்பிங்க, கஞ்சால இருந்து வந்தவங்க இதயும் படிக்கலாம். காசு, வழி, பசி, போன், எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். ஆனா ஊசி, ஹெராயின், டேபென்டடால் மாதிரி மாத்திரை பழக்கம் இருந்தவங்களுக்கு ஒரு பெரிய ஆபத்து தனியா இருக்கு. ஒரு மாசம் ரெண்டு மாசம் விட்டதுக்கு அப்புறம் ஒடம்பு பழைய அளவ தாங்காது. முன்னாடி போட்ட அதே அளவ ஒரு தடவ போட்டாலே மூச்சு நின்னு போகலாம், சென்டர்ல இருந்தோ ஜெயில்ல இருந்தோ வெளிய வந்த மொத வாரங்கள்லதான் இந்த மாதிரி சாவு நெறைய நடக்குது. அதனால இத ரகசியமா வச்சுக்காதீங்க, வீட்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும், ஆள் எழுப்பினா எந்திரிக்காம மூச்சு மெதுவானா ஒடனே 108. இந்த வகைக்கு ப்யூப்ரெனார்ஃபின்னு ஒரு மருந்து இருக்கு, டாக்டர் பாத்து குடுப்பாங்க, அத சாப்பிடறத போதைய மாத்தி போதைன்னு யாராவது கேலி பண்ணா காதுல வாங்காதீங்க. இன்னொண்ணு, மாத்திரைய விட்டுட்டேன் பீர் மட்டும் அடிக்கறேன்னு சொல்றவங்கள நெறைய பாத்திருக்கேன், பீர் உள்ள எறங்கறப்ப பழைய பழக்கமும் கூடவே வந்துடுது.

வீட்ல இருக்கறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். தெனமும் வாய மோந்து பாக்காதீங்க, பாக்கெட்ட தொழாவாதீங்க, கண்டுபுடிக்கறவங்களும் ஒளிக்கறவங்களுமா ஆயிட்டா வீடு போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆயிடும். அதுக்கு பதிலா காலைல பேசி வச்ச ஏற்பாடு நடக்குதான்னு பாருங்க, மாத்திரை போட்டாரா, சாப்பிட்டாரா, 6 மணிக்கு சொன்ன எடத்துல இருக்காரா. சண்ட போடணும்னா காலைல போடுங்க, கணக்கு வழக்கு, பழைய கடன், மாமியார் விஷயம் எல்லாம் சாயங்காலம் வேணாம். அவர் விட்டதும் எல்லாம் சரியாயிடும்னு எதிர்பாக்கறது இயல்புதான், ஆனா மொத சில மாசம் அவருக்கு தூக்கம் சரியா இருக்காது, எரிஞ்சு விழுவாரு, எதுலயும் சந்தோஷம் இருக்காது, மூளை பழைய நெலமைக்கு வர டைம் எடுக்குது. வாரக்கணக்கா மனசு இருட்டாவே இருந்தா, செத்துப் போலாமான்னு பேசினா, அது தனி நோய், சைக்கியாட்ரி டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. உங்களுக்கும் ஒரு எடம் வேணும். சென்னைல சாந்தி ரங்கநாதன் அம்மா கணவர குடிக்கு பறிகொடுத்துட்டு 1980ல ஆரம்பிச்ச டிடிகே ஆஸ்பத்திரில நோயாளிக்கு மட்டும் இல்ல குடும்பத்துக்கும் தனியா பயிற்சி உண்டு, அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு வீடும் சேந்துதான் காயப்பட்டிருக்குன்னு. ஏஏ மாதிரியே குடும்பத்துக்கு அல்-அனான் மீட்டிங் இருக்கு, காசு கெடையாது.

சரி, இவ்ளோவும் தாண்டி குடிச்சாச்சு. என்ன பண்றது. மொதல்ல இது எவ்ளோ சாதாரணம்னு தெரிஞ்சுக்கோங்க. அமெரிக்காவோட தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்ற கணக்குல, போதைக்கு வைத்தியம் எடுத்தவங்கள்ல 100க்கு 40ல இருந்து 60 பேருக்கு திரும்ப வருது, பிபிக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்து எடுக்கறவங்களுக்கு திரும்ப வர்றதும் கிட்டத்தட்ட அதே அளவுல, அதுக்கு மேலயும் இருக்கு. பிபி ஏறினவன யாரும் திட்றதில்ல, டாக்டர்கிட்டதான் கூட்டிட்டு போறோம். பெரிய சேதம் நடக்கறது மொத டம்ளர்ல இல்ல, மறுநாள் காலைல. அதான் எல்லாம் போச்சே, தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன முழம் என்னன்னு ஒரு நெனப்பு வரும் பாருங்க, அதுலதான் ஒரு கட்டிங் ஒன்னரை மாசம் ஆகுது. எனக்கு காதுகுத்து அன்னைக்கு குடிச்சது ஒரு கட்டிங், அந்த வெக்கத்துல யார்கிட்டயும் சொல்லாம மறச்சேன், மறைக்கறதுக்காகவே திரும்ப குடிச்சேன், அது அம்பத்திரண்டு நாள் ஓடுச்சு. அன்னைக்கு ராத்திரியே வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருந்தா அம்பத்திரண்டு நாள் மிச்சம்.

அதனால 24 மணி நேரத்துக்குள்ள ஒருத்தர்கிட்ட உண்மைய சொல்லிடுங்க. மிச்சம் பாட்டில்ல இருந்தா கொட்டிடுங்க. டைசல்ஃபிரம் சாப்பிட்டுட்டு குடிச்சிருந்தா ஒண்ணும் பண்ணலன்னாலும் நேரா ஆஸ்பத்திரி. ரெண்டு மூணு நாள் தொடர்ந்து குடிச்சிருந்தா நீங்களா நிறுத்தாதீங்க, ஒவ்வொரு தடவ விட்டு விட்டு குடிக்கறப்பவும் அந்த நடுக்கமும் வலிப்பும் முன்ன விட மோசமா வரலாம், டாக்டர பாத்து நிறுத்துங்க. வண்டி சாவிய வீட்ல குடுத்துடுங்க. அப்புறம் பேப்பர் எடுத்து நான் எழுதின மாதிரி பின்னாடி எண்ணி எழுதுங்க, மூணு வாரம் வரைக்கும் போங்க, எந்த எடத்துல வேலி பிரிஞ்சுதுன்னு தெரியும், அடுத்த நாள் காலைல அந்த எடத்த மட்டும் கட்டினா போதும், மொத்தமும் திரும்ப ஆரம்பிக்க வேணாம். அந்த பதினோரு மாசம் வீணாப் போகல, அதுல கத்துக்கிட்டது எல்லாம் உங்ககிட்டதான் இருக்கு.

யாரும் இல்லாதவங்க, ராத்திரில தனியா மாட்டிக்கிட்டவங்க 14416க்கு போன் பண்ணலாம், டெலி மானஸ்னு கவர்மென்ட்டோட மனநல உதவி நம்பர், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசலாம், காசு இல்ல. போதைக்குன்னே 14446 இருக்கு. கவர்மென்ட் ஆஸ்பத்திரில எங்க போகணும்னு தெரியலன்னா 104ல கேளுங்க. எடுத்ததும் என்ன பேசறதுன்னு தெரியாம நெறைய பேர் வச்சுடறாங்க. இப்டி சொல்லுங்க: "நான் குடிய விட்டு இத்தன நாள் ஆச்சு, இப்போ குடிக்கணும் போல இருக்கு, ஒரு இருபது நிமிஷம் என்கிட்ட பேசுங்க." அத ஒரு துண்டு பேப்பர்ல எழுதி நம்பரோட சேத்து போன் கவருக்குள்ள வச்சுக்கோங்க, இன்னைக்கு சாயங்காலத்துக்கு முன்னாடி.